பி.டி. பீரியடில் கணக்கு

ஒரகடம்,
24.06.2024

பூஜாவின் அம்மாவுக்கு,

நலம். தங்கள் நலத்தையும் விசாரிக்கும்படி குடும்பநல ஆலோசகர் பெனிட்டா மேடம் சொல்லியிருக்கிறார், விசாரித்துவிட்டேன். போனில் பேசினால் சண்டை வருகிறது, வாட்ஸ்அப்பில் எழுதினால் வக்கீலிடம் போகிறது, ஆகவே தாளில் எழுதுங்கள், ஒருவரையொருவர் 'நீங்கள்' என்றே எழுதுங்கள் என்பது அவர் போட்ட விதி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் உங்களை நான் 'நீங்கள்' என்பது இதுதான் முதல் தடவை. கூச்சமாக இருக்கிறது. பழகிவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை பூஜா நல்ல முழங்காலோடு உங்களிடம் வந்தாள். சிராய்த்த முழங்காலோடு என்னிடம் திரும்பினாள். எங்கள் தொழிற்சாலையில் ஒரு போல்ட் கீழே விழுந்தாலும் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு மூல காரணத்தைக் கண்டுபிடிப்போம். அதே முறையை இங்கேயும் கடைப்பிடித்தேன்.

முழங்கால் ஏன் சிராய்த்தது? விழுந்தாள். ஏன் விழுந்தாள்? நொண்டியடித்தாள். ஏன் நொண்டியடித்தாள்? அடிக்கச் சொன்னார்கள். ஏன் சொன்னார்கள்? சொன்னவர் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். ஐந்தாவது ஏனை நான் எழுதவில்லை. அது நம் கல்யாணத்தைப் பற்றியது.

அவள் ஒன்பதாம் வகுப்பு. ஞாயிறு மாலை அவளுக்கு ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் டெஸ்ட். பதினாலு வயதுப் பெண்ணை மொட்டை மாடியில் நொண்டியடிக்க வைப்பது, சுவரில் பந்தை எறிந்து பிடிக்க வைப்பது எல்லாம் எல்.கே.ஜி. பாடம். நிறுத்திக்கொள்ளுங்கள். டிசம்பருக்குப் பிறகு மேடம் கோர்ட்டுக்கு அறிக்கை கொடுக்கப்போகிறார். பத்தாம் வகுப்புக்கு அவள் யாரிடம் இருப்பது, உங்கள் ஞாயிற்றுக்கிழமை நீடிப்பதா என்பதெல்லாம் அதில் இருக்கும். முழங்காலைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ராஜசேகர்


பிள்ளைப்பாக்கம்,
28.06.2024

பயிற்சித் துறைத் தலைவர் அவர்களுக்கு,

நானும் நலம் விசாரித்தேன் என்று மேடத்திடம் சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தைக் கம்பெனி பஸ் டிரைவர் கோபால் அண்ணன் கூட்ரோட்டில் வண்டியை நிறுத்திக் கொடுத்தார். "இன்னா மேடம், சார் கவரை ரெண்டு தபா ஒட்டிக் குடுத்துகீறாரு. உள்ள பாம் எதுனா கீதா?" என்றார். பாம் இல்லை அண்ணா, அவருடைய அறிவு என்றேன்.

பிரித்துப் படித்தேன். இரண்டாவது ஏனிலேயே தப்பு. அவள் நொண்டியடித்து விழவில்லை. என் மாடியில் அவள் ஒரு தடவைகூட விழவில்லை, ஏனென்றால் அங்கே அவள் காலைத் தூக்கவே இல்லை. தூக்குவதுபோல நினைத்துக்கொண்டு நின்றாள். விழுந்தது உங்களிடம் திரும்பும்போது, கோபால் அண்ணனுடைய பஸ்ஸிலிருந்து இறங்குகையில். கடைசிப் படிக்கட்டில் பிடிக்கக் கம்பி இல்லை. அவரையே கேளுங்கள்.

இப்போது ஒழுங்காகக் கேட்போம். ஏன் விழுந்தாள்? அடுத்த கால் தரையைத் தொடும்வரை ஒரு காலால் அவள் உடம்பைத் தாங்க முடியவில்லை. ஏன் முடியவில்லை? தாங்கிப் பழகவில்லை. ஏன் பழகவில்லை? அவள் பள்ளியில் பி.டி. பீரியடில் கணக்கு சார் வருகிறார். ஏன் வருகிறார்? 'விளையாட்டு நேரத்தைப் பாடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள ஆட்சேபணை இல்லை' என்று பெற்றோர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பெற்றோர்? கையெழுத்தை நான் பார்த்தேன். நம் கல்யாணப் பதிவில் போட்டதைவிடத் தெளிவாக இருக்கிறது.

மதிப்பெண் அட்டையில் உடற்கல்விக்கு ஏ பிளஸ் போட்டிருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிய ஏ பிளஸ்.

போன ஞாயிறு கூட்ரோட்டைக் கடந்தோம். கன்டெய்னர் லாரி வந்தது. முன்னால் போவதா பின்னால் வருவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. லாரி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை அவள் கண் அவள் காலுக்குச் சொல்லவில்லை. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உங்கள் வீட்டைச் சுற்றி இருபத்துநாலு மணி நேரமும் இந்த லாரிகள்தான் ஓடுகின்றன. தன்னை நோக்கி வரும் பொருளைக் கணிக்கத்தான் எல்.கே.ஜி. குழந்தைக்குப் பந்து கொடுக்கிறார்கள். இவளுக்கு அப்போதும் யாரும் கொடுக்கவில்லை. அப்போது அபாகஸ் வகுப்பு.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். பத்தாம் வகுப்புக்கு அவள் என்னிடம் இருக்க வேண்டும், என் பள்ளியில் படிக்க வேண்டும். அதுவரை ஞாயிற்றுக்கிழமை என்னுடையது.

சசிகலா


ஒரகடம்,
05.07.2024

பி.டி. டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் பள்ளியில் படிக்க வேண்டும் என்கிறீர்கள். அங்கே உடற்கல்வி எப்படி நடக்கிறது என்பதை உங்களோடு குடித்தனம் நடத்திய ஒருவன் என்ற முறையில் நினைவூட்டுகிறேன்.

காலையில் பிரேயரில் வரிசையை நேராக்குவீர்கள். வராத டீச்சரின் வகுப்பில் போய் உட்கார்ந்து சத்தம் போடாதே என்று சத்தம் போடுவீர்கள். மத்தியானம் சத்துணவு முட்டைக்குக் காவல். தேர்தல் வந்தால் பூத் வேலை. மீதி நேரத்தில், பிறக்கும்போதே ஓடத் தெரிந்த இரண்டு பிள்ளைகளை மேலும் ஓடவிட்டு, மாவட்டக் கோப்பை வாங்கி, தலைமையாசிரியர் பீரோமேல் வைப்பீர்கள். ஓடத் தெரியாத மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஓடுகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்வார்கள். பூஜா அங்கே படித்திருந்தால் இந்நேரம் நல்ல செருப்புக் காவலாளி ஆகியிருப்பாள்.

எங்கள் பள்ளியில் செருப்பையாவது அவரவரே பார்த்துக்கொள்கிறார்கள்.

ராஜசேகர்


பிள்ளைப்பாக்கம்,
22.07.2024

அன்புள்ள (இது மேடம் கொடுத்த மாதிரிக் கடிதத்தில் இருந்த சொல், வேறு பொருள் கொள்ள வேண்டாம்) பூஜா அப்பாவுக்கு,

செருப்பு விஷயத்தில் நீங்கள் எழுதியது உண்மை. பழைய உண்மை. போன வருடத்திலிருந்து என் வகுப்பில் மரத்தடியில் யாரும் உட்காருவதில்லை. ஓட்டப்பந்தயம் வைப்பதையே விட்டுவிட்டேன். குதித்து நிற்பது, ஓடிக்கொண்டே திரும்புவது, எறிவது, பிடிப்பது, எல்லாரும் செய்கிறார்கள். கோப்பை வரவில்லை. தலைமையாசிரியர் வருத்தமாக இருக்கிறார். பீரோ காலியாக இருக்கிறது.

சனிக்கிழமை பிளஸ் டூ பிள்ளைகளை உங்கள் தொழிற்சாலைக்குக் கல்விச் சுற்றுலா கூட்டி வந்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. வேலையில் மூழ்கியிருந்தீர்கள். அந்த வேலையைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தக் கடிதம் எழுதும் தெம்பே வந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களைப் பழக்க நீங்கள் ஒரு கூடம் வைத்திருக்கிறீர்கள். அதற்கு டோஜோ என்று பெயராம், ஜப்பான் சொல்லாம். அங்கே பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் யூனிபாரம் போட்டு வரிசையாக நின்றார்கள். தரையில் மஞ்சள் கோடு. கோட்டின்மேல் தடுமாறாமல் நடக்கச் சொன்னீர்கள். தாழ்வான கம்பியைத் தாண்டச் சொன்னீர்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கிப் பெட்டியைத் தூக்கச் சொன்னீர்கள். ஒரு பையன் மணல் பையை எறிந்தான், எதிரே நின்ற பெண் பிடிக்க வேண்டும். அவள் தவறவிட்டாள். நீங்கள் விசில் ஊதினீர்கள்.

ஆமாம், உங்கள் கழுத்தில் விசில் தொங்கியது. உங்கள் விசிலில் கம்பெனி முத்திரை போட்டிருக்கிறார்கள். என்னுடையது சுங்குவார்சத்திரம் கடையில் வாங்கியது. மற்றபடி ஒன்றுதான்.

பையைத் தவறவிட்ட பெண் எழிலரசி, என் பழைய மாணவி. இடைவேளையில் ஓடி வந்தாள். ஓடி என்றால் வேகமாக நடந்து. "மிஸ், ஸ்கூல்ல இதையே நீங்க சொல்லித் தர வந்தீங்க, கணக்கு சார் எங்கள கூட்டினு பூட்டாரு. இங்க சார் சம்பளமும் குடுத்துச் சொல்லித் தராரு மிஸ். பி.டி. பீரியட் எவ்ளோ காஸ்ட்லின்னு இப்பதான் தெரியுது" என்றாள்.

பத்து வயதில் பந்தைக் கொண்டு ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வதைப் பத்தொன்பது வயதில் மணல் பையைக் கொண்டு கற்பிக்கிறீர்கள். அதற்கு உங்களுக்குத் தனி அறை, ஏ.சி., பதவி. நான் செய்தால் எல்.கே.ஜி., நீங்கள் செய்தால் ஜப்பான்.

அங்கேயும் கணக்கு சார் வந்தால் சொல்லுங்கள்.

சசிகலா


ஒரகடம்,
02.08.2024

திருமதி சசிகலா அவர்களுக்கு,

டோஜோ என்பது உற்பத்தி சார்ந்த பாதுகாப்புத் திறன் மேம்பாட்டுக் கூடம். அதையும் மொட்டை மாடியில் நொண்டியடிப்பதையும் ஒப்பிடுவது இரண்டையும் அறியாதவர் செய்யும் வேலை. என் பயிற்சியில் குதிக்கிறவன் எதற்காகக் குதிக்கிறான் என்று சுவரில் சார்ட் ஒட்டியிருக்கிறோம். உங்கள் மாடியில் சார்ட் உண்டா?

முழங்கால் போட்டோவை மேடத்திடம் காட்டினேன். பாதுகாப்பு கருதி, இனி ஞாயிற்றுக்கிழமைகளில் பூஜா உங்கள் வீட்டுக்கு வெளியே எந்த உடற்பயிற்சியிலும் ஈடுபடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாடியும் வெளியில்தான். நான் குறிப்பாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ராஜசேகர்


பிள்ளைப்பாக்கம்,
16.09.2024

பாதுகாப்பு அதிகாரி அவர்களுக்கு,

நிபந்தனையை இம்மி பிசகாமல் கடைப்பிடித்து வருகிறேன் என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பூட்டி, ஜன்னலையும் சாத்திவிடுகிறேன். காற்று வெளியிலிருந்து வருவதால் அதிலும் ஆட்சேபணை இருக்குமோ என்ற பயம்.

வீட்டுக்குள் எங்களுக்கு இடம் சமையலறைதான். அவள் ஒற்றைக்காலில் நின்று பாத்திரம் துலக்குகிறாள். நான் கூடையிலிருந்து கத்தரிக்காயை எடுத்து எறிகிறேன், அவள் பிடித்துப் பாத்திரத்தில் போடுகிறாள். முதலில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். கத்தரிக்காய்கள் அடுப்புக்குப் பின்னால் போயின. மூன்று ஞாயிறு எங்கள் வீட்டில் குழம்பு இல்லை.

பிறகு கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, உருளைக்கெழங்கு வேணாம்மா, வலிக்குது. தக்காளி போடு."

"தக்காளி விக்கிற வெலைக்கு நீ புடிப்பேன்னு நம்பிப் போட முடியுமாடி?"

"நம்பும்மா. ஒண்ணே ஒண்ணு."

போட்டேன். இரண்டு கையையும் நீட்டி, விரல் குவித்து, நெஞ்சில் படாமல் பிடித்தாள். நசுங்கவில்லை. அதை நான் கேட்டும் நறுக்கத் தரவில்லை. மாலை வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். உங்கள் பள்ளி கொடுத்த ஏ பிளஸ் அட்டையை அவள் அப்படி வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

நேற்று ஒரு கையால் பிடித்தாள். சார்ட் ஒட்ட வேண்டுமானால் அளவு சொல்லுங்கள்.

சசிகலா


ஒரகடம்,
15.11.2024

சசிகலாவுக்கு,

'நீங்கள்' எல்லாம் இன்றைக்கு வராது. மேடத்திடம் நீ புகார் கொடுத்துக்கொள்.

நேற்று பி.டி. பீரியடில் கணக்கு சார் சிவசங்கர் வகுப்புக்கு வந்து போர்டில் கணக்கை எழுதத் திரும்பியிருக்கிறார். உன் பெண் எழுந்து நின்று, "சார், டைம்டேபிள்ல பி.டி.ன்னுதான் சார் போட்டிருக்கு" என்றிருக்கிறாள். உட்கார் என்றிருக்கிறார். உட்காராமல் கதவைத் திறந்துகொண்டு மைதானத்துக்கு நடந்துவிட்டாள். நடந்தது அவள் மட்டும் என்றால்கூட மன்னிப்புக் கடிதத்தோடு போயிருக்கும். பின்னாலேயே பாதி வகுப்பு போயிருக்கிறது. மீதிப் பாதி ஜன்னலில்.

ஷிஃப்ட் மீட்டிங்கில் இருந்த என்னைப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். அந்தப் பள்ளிக்கு ஃபிரடி என்று ஒரு பி.டி. மாஸ்டர் இருப்பது எனக்கே நேற்றுதான் தெரியும். வேன் எந்த ரூட்டில் போக வேண்டும் என்று பார்ப்பதுதான் அவருக்கு வேலை. "சார், பசங்க பந்து கேக்குறாங்க, ஸ்டோர் ரூம் சாவி எங்க கீதுன்னே தெரில சார்" என்று என்னிடம் வந்து நின்றார். நானா பி.டி. மாஸ்டர்? பூட்டை உடைத்திருக்கிறார்கள். உள்ளே பந்துகள் பாலிதீன் உறை பிரிக்காமல் இருந்தனவாம்.

நான் மைதானத்துக்குள் கால் வைத்தேன். "அப்பா, புடி!" என்று கத்தினாள். பந்து என் மூக்குக் கண்ணாடியில் பட்டது. பிடிக்க முயன்றேன் என்று எழுதினால் அது பொய். பள்ளியே சிரித்தது. கணக்கு சார் முன்னிலையில், என் பெண்ணும் சிரித்தாள்.

இதற்கு மூல காரணம் யார் என்று கேட்க எனக்கு ஐந்து ஏன் தேவையில்லை. ஒன்றே போதும். இந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மேடத்திடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ராஜசேகர்


பிள்ளைப்பாக்கம்,
16.11.2024

ராஜசேகருக்கு,

ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை காலை கோர்ட் வாசலில் நிற்பேன். அவள் உங்கள் வீட்டில் உறங்கலாம், நீங்கள் கட்டும் பள்ளியில் படிக்கலாம். அந்த ஒரு நாளில்தான் அவள் உடம்பு அவளுடையதாக இருக்கிறது. அதை எடுக்க உங்களை விடமாட்டேன்.

கண்ணாடிக்கு வருந்துகிறேன். பந்துக்குச் சேதம் இல்லையே?

சசிகலா


ஒரகடம்,
06.01.2025

திருமதி சசிகலா அவர்களுக்கு,

மேடம் நவம்பரில் என்னைக் கண்டித்ததும், உங்கள் ஞாயிறு மறுபடி உங்களுக்கே வந்ததும் தெரிந்ததுதான். இப்போது எழுதுவது வேறு.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் பூஜா உங்களிடம் வரமாட்டாள். தயவுசெய்து கோர்ட்டுக்குப் போகும் முன் முழுவதும் படியுங்கள். இது என் முடிவு இல்லை. என் முடிவாக இருந்தால் அவள் கேட்டிருக்க மாட்டாள்.

மைதானத்துக்குப் போன பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினாலும் பழைய மாதிரித் திரும்பவில்லை. பாதிப் பெற்றோர் தங்கள் சம்மதக் கடிதத்தைத் திரும்பக் கேட்டார்கள். பள்ளி நிர்வாகம் நன்றாக யோசித்து, பி.டி. பீரியடில் கணக்கு தொடரும், அதற்குப் பதிலாக ஞாயிறு காலை மைதானம் திறந்துவிடப்படும் என்று அறிவித்தது. யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான். அத்தனை பேரும் வந்தார்கள். ஃபிரடிக்கு வேன் வேலை போய்விட்டது. விசிலோடு திரிகிறார். எறிபந்துக் குழு என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள். பூஜா அதில் இருக்கிறாள். திறமைசாலி என்று சொல்ல முடியாது. விட மறுக்கிறாள்.

வெள்ளிக்கிழமை மேடம் அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். பத்தாம் வகுப்புக்கு இதே பள்ளி, இதே வீடு என்று சொல்லிவிட்டாளாம். அம்மா வீட்டுக்கு லீவில் போகிறேன் என்றாளாம். அறிக்கையில் அதுதான் போகிறது.

நான் ஜெயித்ததாக நீங்கள் நினைக்கலாம். ஞாயிறு ஃபவுண்டேஷன் டெஸ்டையும் அவள் விட்டுவிட்டாள். மத்தியானம் வரை விளையாடிவிட்டு வந்து, மாலை வரை தூங்குகிறாள். நான் காலை ஆறு மணிக்கு எழுந்து, அவள் பையைத் தூக்கிக்கொண்டு, மைதானத்து ஓரத்தில் நிற்கிறேன். அவள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. தண்ணீர் பாட்டிலைத் தவிர.

நேரில் சொல்ல அவளுக்குத் தயக்கம். நான் எழுதுவதாகச் சொன்னேன்.

ராஜசேகர்


பிள்ளைப்பாக்கம்,
20.01.2025

ராஜசேகர் அவர்களுக்கு,

நீங்கள் எழுதுவதாகச் சொன்ன பிறகும் அவள் என்னிடம் போனில் பேசினாள். "அம்மா, கோவமா?" என்றாள். இல்லடி என்றேன். "ஞாயித்துக்கெழமதாம்மா எல்லாரும் வராங்க. நான் போவலைன்னா ஒரு ஆள் கொறையும்" என்றாள். அவள் வராவிட்டால் ஆள் குறையும் இடம் என்று ஒன்று அவளுக்கு இதுவரை இருந்ததில்லை.

நேற்று ஷேர் ஆட்டோ பிடித்து அங்கே வந்தேன். காம்பவுண்டுக்கு வெளியே கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வலது கையால் எறிகிறாள், வலது காலையே முன்னால் வைக்கிறாள். எப்படிப் பந்து போகும்? 'இடது கால்' என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் ஃபிரடி சார் கத்திவிட்டார். அடுத்த பந்தில் மாற்றி வைத்தாள். அது வலையைத் தாண்டியது.

சொல்ல எனக்கு வேறு ஒன்றும் இல்லாததால் ஜூஸுக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

உங்களையும் பார்த்தேன். மைதானத்து ஓரத்தில் நின்று செல்போனில் யாருக்கோ மெயில் அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பந்து வலையைத் தாண்டியதை நீங்கள் பார்க்கவில்லை. மைதானத்தில் நிற்கிற உரிமை உங்களிடம் இருக்கிறது, பார்க்கத் தெரிந்தவள் நான் வெளியே இருக்கிறேன். இதைச் சரிசெய்ய எந்தக் கோர்ட்டிலும் மனு கிடையாது.

அவளை என்னிடம் ஒப்படைக்கக் கேட்டு நான் போட்டிருந்த மனுவை வாபஸ் வாங்கிவிட்டேன். விவாகரத்துக்கும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இத்தனை நாள் அதைப் போடாமல் இழுத்தது அவள் ஒருத்திக்காகத்தான். உங்களுக்காக என்று நீங்கள் எப்போதாவது நினைத்திருந்தால் அதையும் இப்போது திருத்திக்கொள்ளலாம்.

இனி நாம் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. அவளுக்கு வேண்டியதை இரண்டு பேரிடமும் அவளே கேட்டுக்கொள்கிறாள்.

இந்த ஞாயிறு போனைச் சட்டைப் பையில் வையுங்கள்.

சசிகலா